நெளிந்த செம்பும் மாத்திரைப் பத்தியமும்

மதினி,

இன்று காலை எஸ்தர் உங்கள் பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புளியும் பித்தளையும் சேர்ந்தால் ஒரு வாடை வருமே, வாய்க்குள் காசைப் போட்டுச் சப்பியது போல, அது அடுப்படியிலிருந்து நான் உட்கார்ந்திருந்த வாசல் வரைக்கும் வந்தது. செம்பின் வயிற்றில் இருக்கும் நெளிவுக்குள் அவள் விரல் போய்ப் போய் நின்றது. "அத்த, இதத் தட்டி நிமித்துனா என்ன? அம்மா ஏன் அப்படியே வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள். அவள் மனசில் இருந்த கேள்வி அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகளுக்கும் உங்களுக்கு வந்த அதே நோய்தான் வந்திருக்கிறது. அதே கழுத்து, அதே கை நடுக்கம். இந்தக் காலத்தில் ரத்தத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுகிறார்கள். ஒழுங்காக மாத்திரை தின்கிறாள். அவள் வீட்டுக்காரர் அவளை ஒரு வார்த்தை கேட்காமல், நீங்கள் கூலிக் காசைச் சேர்த்து வாங்கி அவளுக்கு விட்டுப்போன துண்டு ஏலக்காட்டைக் குத்தகைக்குப் பேசிவிட்டு வந்திருக்கிறார். ஏன் என்று இன்று காலை கேட்டாள். நியாயமாகத்தான் கேட்டாள், சத்தம் கூடக் கொஞ்சம்தான். அந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு மாத்திர போட்டியா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். எஸ்தர் வாயை மூடிக்கொண்டு செம்பை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கேள்வியை நான் முதன்முதலில் கேட்டது என் கூடப்பிறந்த அண்ணன் வாயிலிருந்து. அப்போது அது உங்களைப் பார்த்துக் கேட்கப்பட்டது. நீங்கள் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறீர்கள், இதை வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் யாரிடமாவது கத்தித் தீர்க்காவிட்டால் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணன் உங்களைப் போடியிலிருந்து கட்டிக்கொண்டு மலையேறி வந்தான். உடும்பஞ்சோலைக்கு மேலே ஏலத்தோட்டத்து லயத்தில் நமக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அவனுக்குக் கை நீட்டுகிற பழக்கம். குழம்பில் உப்புக் கூடினால் அடி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிந்தினால் அடி. லயத்தில் எல்லாம் பொதுச் சுவர். ஓர் அறையில் இருமினாலே அடுத்த அறையில் கேட்கும். உங்களுக்கு அடி விழும்போது ஒரு கதவும் திறந்ததில்லை. நீங்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு காய் எடுக்க வருவீர்கள். ஏலச்செடிக்கு அடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய உதட்டோடு கங்காணியைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பீர்கள். எனக்குச் சிரிப்பும் வரும், அண்ணனைக் கொன்று போட வேண்டும் என்றும் வரும்.

எஸ்தர் பிறந்த பிறகு நீங்கள் மாறினீர்கள். பானைச் சோற்றைத் தின்றும் எலும்பு தெரிய இளைத்தீர்கள். நாங்கள் கம்பளிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற குளிரில், நீங்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு வாசலில் நிற்பீர்கள். கை நடுங்கி, எடுத்த காய் கூடைக்குள் விழாமல் மண்ணில் விழுந்தது. கண் இரண்டும் பிதுங்கின. கழுத்தின் முன்பக்கம் புடைத்தது. கோபம் வந்தால் உங்களைப் பிடிக்க ஆள் இல்லை. காய் குறைவு என்று சொன்ன கங்காணியின் முகத்தில் கூடையை வீசினீர்கள். குழாயடியில் முந்தினாள் என்று பக்கத்து அறைக்காரியின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினீர்கள்; பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டு நீங்களே அழுதீர்கள். "எனக்குள்ள யாரோ ஓடுறாங்க புள்ள, நிக்கவே மாட்டேங்குறாங்க," என்று என் கையை எடுத்து உங்கள் நெஞ்சில் வைத்தீர்கள். உள்ளே ஒருவர் கதவை இடிப்பது போல இருந்தது.

செம்பு நெளிந்தது அந்த நாட்களில்தான். வெந்நீர் ஆறிப்போனது என்று அண்ணன் கையை ஓங்கினான். அடி விழுவதற்கு முன்னால் செம்பு பறந்தது. அவன் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய்க் கருங்கல் சுவரில் மோதி உருண்டது. ரத்தம் கண்ணை மறைக்க, "கொல பண்ணுதா, கொல பண்ணுதா!" என்று அவன் வெளியே ஓடினான். அன்றைக்கு லயத்தில் அத்தனை கதவும் திறந்தன. அத்தனை காலம் நீங்கள் அடி வாங்கியபோது திறக்காத அதே கதவுகள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் மனசு ஆறாத இடம் இது, மதினி.

பேய் என்று முதலில் சொன்னது யாரோ. ஜெபக்கூட்டத்து மூப்பர் வந்து உங்கள் முகத்தைப் பார்த்து, "இது இந்தப் பிள்ளையோட கண்ணே இல்ல," என்றார். உங்களை முழங்காலில் நிறுத்தித் தலையை அமுக்கி, "வெளியே போ!" என்று கன்னத்தில் அறைந்தார்கள். "நான்தான் இருக்கேன், வேற யாருமில்ல, நான்தான்!" என்று நீங்கள் கத்தினீர்கள். ஒவ்வொரு 'நான்தா'னுக்கும் ஓர் அறை விழுந்தது. கடைசியில் மூப்பரின் கட்டைவிரலைக் கடித்துப் பிடித்துக்கொண்டீர்கள். அவர் போட்ட கூச்சலில், உள்ளே பேய் இருந்திருந்தால் பயந்து ஓடியே போயிருக்கும். எஸ்தரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நான், அந்தப் பயத்திலும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. கீழே பேய் பிடித்தவர்களைச் சங்கிலியில் கட்டிப்போடும் இடம் ஒன்று உண்டு, அங்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டியதுதான் என்று மூப்பர் சொன்னார். இந்தக் காய் எடுப்பு முடியட்டும் என்று அண்ணன் தலையாட்டினான். நம் மலையிலிருந்து அங்கே போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. எஸ்தர் இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

உங்களைக் காப்பாற்ற ஒரு வழி காட்டியது மூப்பரின் விரல்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் அதற்குக் கட்டுப் போட்ட கம்பவுண்டர், "கடிச்ச ஆளையும் நான் பாக்கணுமே," என்றார். நான் உங்களைக் கூட்டிப் போனேன். உங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கீழே மிஷன் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள் என்றார். ஏலமூட்டை ஏற்றிய ஜீப்பில், போடிமெட்டு வளைவுகளில் இருவரும் இறங்கினோம். அங்கே டாக்டரம்மா உங்கள் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் காற்றில் ஆடுகிற இலையாக ஆடியது. "பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு. உங்க உடம்பே அதப் போட்டு அடிச்சு விரட்டுது, அதனால அது தறிகெட்டு ஓடுது," என்றார்.

"அப்ப எங்க வீட்டுக்காரர்ட்ட இருந்து என் உடம்பும் பழகிக்கிருச்சு போல," என்றீர்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. உங்கள் கன்னத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்துக்கொண்டே மாத்திரை எழுதினார். ஒரு வேளை கூட விடக் கூடாது, காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு என்ன பத்தியம்?" என்பது. ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பிடலாம் என்றேன். அவன் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பத்தியம் இல்லாத மருந்து என்னட்டி மருந்து? மிட்டாயா?" என்றான். அவன் மட்டுமா, லயமே அப்படித்தான் நினைத்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தின்றால்தான் மருந்து. மீன் தின்றுகொண்டு விழுங்குவதை எவர் மதிப்பார்?

மறுநாளே கடைவீதியில் இருந்த மலையாள வைத்தியரிடம் உங்களைக் கொண்டுபோனான். வேறு வைத்தியம் நடப்பது தெரிந்தால் வைத்தியருக்குக் கோபம் வரும் என்று மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னையும் கூட வர விடவில்லை. வைத்தியர் கஷாயமும், நெற்றியில் மோர் ஊற்றும் தாரையும் சொன்னார். மீன் கூடாது, புளி கூடாது, மிளகாய் கூடாது. அண்ணன் கருவாட்டுச் சட்டியையே தூக்கி வெளியே எறிந்தான். எட்டுப் பங்குத் தண்ணீர் ஒரு பங்காக வற்றும் வரைக்கும் அவனே அடுப்படியில் உட்கார்ந்து, கண்ணைப் புகை கரிக்க, கஷாயம் காய்ச்சினான். உங்களை அடித்த கை அது. அதைப் பார்த்து அவனை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நான் வெந்தேன்.

மாத்திரையும் கஷாயமுமாகச் சில வாரங்கள் போயின. உங்கள் நெஞ்சு இடிப்புக் குறைந்தது. தூங்கினீர்கள். லயமே வாயைப் பிளந்து கஷாயத்தைப் புகழ்ந்தது. "நல்லா ஆகுதுல்லா, இன்னும் எதுக்கு இந்த மிட்டாயி? ரெண்டும் உள்ள போயிச் சண்ட போடும்," என்று அண்ணன் மாத்திரை டப்பாவை அடுப்புக்குள் போட்டான். நான் கையை விட்டு எடுக்கப் பார்த்தேன். என் முழங்கையில் இருக்கும் தழும்பு அப்போது வந்தது.

உடனே ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவனுக்குத் தைரியம் கொடுத்தது. பிறகு ஒரு மழைக்காலத்துப் பகலில், காய் எடுத்துக்கொண்டிருந்தபோது உங்களுக்குக் காய்ச்சல் கொதித்தது. வாந்தி எடுத்தீர்கள். திடீரென்று எழுந்து, களைவெட்டுகிறவனின் வெட்டுக்கத்தியைப் பிடுங்கி ஏலச்செடிகளை வெட்டத் தொடங்கினீர்கள். "எல்லாம் என்னயவே பாக்குது! எல்லாம் பாக்குது!" தட்டைகள் தெறித்து விழுந்தன. மூன்று ஆண்கள் சேர்ந்து உங்களை மண்ணில் சாய்த்து, மூட்டை கட்டும் கயிற்றால் கையையும் காலையும் கட்டினார்கள். ஒருவன் உங்கள் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான். மூப்பர் ஜீப்பைக் கூட்டிவந்தார்; அண்ணன் உங்களை உள்ளே கிடத்திவிட்டு ஏறினான். போகிற இடம் எது என்று யாரும் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இல்லை.

நீங்கள் கீழே போட்ட வெட்டுக்கத்தியை நான் எடுத்தேன். ஜீப்பில் ஏறி அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து, அதை அவன் கழுத்தில் வைத்தேன். இந்தப் பகுதி உங்களுக்கு நினைவில் இல்லை என்பீர்கள், நான் சொல்லச் சொல்லக் குழந்தை போலக் கேட்பீர்கள். "மிஷன் ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு. இல்லன்னா ஒன் கழுத்து ஒனக்கு இருக்காது," என்றேன். "ஏட்டி, நான் ஒன் அண்ணன்ட்டி!" என்றான். "அதான் இன்னும் அறுக்காம இருக்கேன்," என்றேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிதான தாயி? சரி, ஆஸ்பத்திரி," என்று கியரை மாற்றினார். முன்சீட்டில் மூப்பர் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார். இந்த முறை உங்களுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் கை அசைந்து கத்தி அவன் தோலைத் தொட்டது. நான் மனப்பூர்வமாகத்தான் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் உங்களைக் கட்டவிழ்த்து, ஈரத்துணியில் சுற்றி, மாத்திரையைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாக இறக்கினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நெஞ்சு நின்றிருக்கும் என்று டாக்டரம்மா அண்ணனைப் பார்த்துக் கத்தினார். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "பத்தியம் ஒண்ணும் தப்பலயே, ஒண்ணும் தப்பலயே," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்கு அழுகை வந்தது. எனக்கு வரவில்லை.

நீங்கள் பிழைத்துக் கண்ணைத் திறந்த பிறகு, நான் மிச்சக் கஷாயப் புட்டியோடு வைத்தியரிடம் போனேன். மாத்திரையை மறைத்ததும், நிறுத்தியதும், நடந்ததும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. புட்டியை என் கையிலிருந்து பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தார். கண்ணாடித் துண்டு என் காலில் வந்து குத்தியது. "என்னைக் கொலைகாரன் ஆக்கிட்டீங்கல்லோ! ஒறக்கத்துக்கும் சூட்டுக்கும் என் கையில மருந்து உண்டு. அந்தக் கழுத்துக்கு டாக்டரோட குளிகதான், அந்த மாத்திரதான் வேணும். எத்தனை பேரை நானே அங்கே அனுப்பிட்டுண்டு!" என்று இரைந்தார்.

நானும் விடவில்லை. "மாத்திரைக்குப் பத்தியம் இல்லன்னுதான் அவன் மதிக்கல. நீங்க சொன்னா வெஷத்தையும் குடிப்பான். நீங்களே அதுக்கு ஒரு பத்தியம் சொல்லுங்க," என்று நானும் இரைந்தேன். அவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். கஷாயத்தில் என்னென்ன சேர்கிறது என்று எழுதிக் கொடுத்து, முதலில் டாக்டரம்மாவிடம் காட்டிச் சம்மதம் கேட்டு வரச் சொன்னார். கொண்டுபோய்க் காட்டினேன். "மாத்திர விடாம, எனக்குத் தெரிஞ்சு குடிக்கிறதுன்னா குடிக்கட்டும். ஆனா மாசாமாசம் என்கிட்ட வந்து காட்டணும்," என்றார் டாக்டரம்மா.

நீங்கள் வீடு திரும்பிய அன்று வைத்தியர் குடையோடு மலையேறி லயத்துக்கே வந்துவிட்டார். அத்தனை கதவும் திறந்திருந்தது. அண்ணனை வாசலில் நிறுத்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இனி இந்தக் கஷாயத்துக்கு அந்தக் குளிகதான் பத்தியம். அது உள்ளே போன பின்னாடியே இது போகணும். ஒரு நேரம் விட்டால் கஷாயம் விஷம் ஆகும். இன்னொண்ணு. மருந்து நடக்கும் வரைக்கும் இந்தப் பெண்ணின் மேலே ஒருத்தன் கையும் பொங்கக் கூடாது, ஓங்கக் கூடாது. பொங்கினால் பத்தியம் தப்பும், மருந்து பொங்கினவன் கையிலே ஏறும். அந்தக் கை அப்புறம் எழும்பாது." அண்ணன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான். அந்த ஒரு பார்வைக்காக அந்த வைத்தியருக்கு நான் இன்றைக்கும் ஜெபிக்கிறேன்.

பிறகு அவனே மாத்திரையை எடுத்து, இந்தச் செம்பில் தண்ணீர் மொண்டு, உங்களிடம் கொடுப்பான். மாதந்தோறும் டாக்டரம்மாவிடம் அவனே கூட்டிப் போனான். எது உங்களைக் காப்பாற்றியது என்று லயத்தில் சண்டை நடந்தது. மூப்பர் கூடத் தன் ஜெபத்துக்கு ஒரு பங்கு கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கழுத்தை அடக்கியது மாத்திரை. தூக்கம் கொடுத்தது மோர்த்தாரை என்று நீங்கள் சொல்வீர்கள்; அதை நான் மறுக்கப் போவதில்லை. அடியை நிறுத்தியது பத்தியம். கண் மட்டும் முழுசாக உள்ளே போகவில்லை, கடைசி வரைக்கும்.

இரண்டு வருஷம் கழித்துக் கஷாயம் முடிந்து, பத்தியம் முறிக்கிற நாள் வந்தது. மாத்திரை மட்டும் தொடர்ந்தது. மீன் வாங்கிக் குழம்பு வைத்தீர்கள். எஸ்தரைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. பொட்டப்பிள்ளைக்கு எதற்கு, இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் காய் எடுக்க வரட்டும் என்றான் அண்ணன். கூடாது என்றீர்கள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். பத்தியம் முடிந்த வலது கை மேலே போனது. போகும்போதே, "மாத்திர போட்டியாட்டி இன்னைக்கு?" என்றான். அந்த இரண்டு வருஷத்தில் அவன் கற்றுக்கொண்ட புது ஆயுதம் அது. நீங்கள் எதிர்த்து என்ன சொன்னாலும் அதைக் கேட்பான். கேட்டால் நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள்.

அன்று மூடவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். "புள்ள, ஒரு தாள் எடு," என்றீர்கள். மீன் சுற்றி வந்த தாள்தான் கிடைத்தது. அதை உங்கள் விரல்களின் மேல் வைத்தேன். தாள் அசையவில்லை. லயத்தில் யாரோ கதவைத் திறந்தார்கள். உங்கள் குரல் கூட உயரவில்லை, மதினி.

"போட்டுட்டேன். போட்டுட்டுத்தான் சொல்றேன். எம்மவ பள்ளிக்கூடம் போவா. அன்னைக்கு என் கை நடுங்குனதால செம்பு ஒன் புருவத்த உரசிட்டுச் சுவத்துல போய் விழுந்துச்சு. இப்ப நடுங்கல, பாத்துக்க."

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அண்ணன் தலையைச் சொறிந்தான். அதற்குப் பிறகு அவன் சாகும் வரைக்கும் அந்தக் கை உங்கள் பக்கம் எழும்பவில்லை. எஸ்தர் பள்ளிக்கூடம் போனாள்.

வெயில் ஏறிவிட்டது. மதிய மாத்திரை நேரம். அவள் வீட்டுக்காரர் சாப்பிட வருகிற நேரமும் இதுதான். நான் இப்போது எழுந்து போய் உங்கள் செம்பில் தண்ணீர் மொண்டு அவளிடம் கொடுக்கப் போகிறேன். அவள் விழுங்கட்டும். விழுங்கியதும் அந்த நெளிவு எப்படி வந்தது என்று முழுக்கச் சொல்வேன். அப்புறம், கோபம் முழுக்கவும் நோய் இல்லை என்பதையும், அந்தக் கேள்விக்கு அவள் அம்மா சொன்ன பதிலையும் சொல்லிக் கொடுப்பேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவர் வந்துவிட்டார், மதினி. வரட்டும், அவள் போட்டுட்டுத்தான் சொல்லப் போகிறாள்.